வெள்ளைக் கோட்டுக்குள் ஒரு மருத்துவர் வளர்வது எப்படி: எம்பிபிஎஸ் மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

முதல் கிளினிக்கல் போஸ்டிங். கோட்டில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. வார்டுக்குள் நுழைந்ததும் மூன்றாவது கட்டிலில் இருக்கும் பாட்டி கைகாட்டிக் கூப்பிடுகிறார். "டாக்டர் தம்பி, இந்த மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?"

உங்களுக்குத் தெரியாது. அது என்ன மாத்திரை என்பதே தெரியாது. ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு நகரலாம். காதில் விழாததுபோலப் போய்விடலாம். இல்லையென்றால், "எனக்குத் தெரியல பாட்டி, நான் படிக்கிற பையன்தான். சிஸ்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லி, கேட்டுவிட்டு, மறக்காமல் திரும்பி வந்து சொல்லலாம்.

பல ஆண்டுகளாக அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் சொல்லிக்கொடுக்கிறேன். பாட்டியிடம் திரும்பி வந்த மாணவரின் கை, பிற்பாடு ஊசி போடும்போதும் நிதானமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கைத்திறனை இன்றைக்கும் 'நான் மருத்துவர்' என்கிற உணர்வை நாளைக்கும் என்று பிரித்துப் பழக முடியாது. இரண்டும் ஒரே கட்டிலருகில், ஒரே வேலைக்குள் வளர்கின்றன. முதலாண்டிலிருந்து ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) ஆண்டு வரை அதை எப்படி வளர்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எதைப் பழகுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990-ல் ஒரு பிரமிடு வரைந்து காட்டினார். அடியில் 'அறிந்திருப்பது'. அதற்கு மேல் 'எப்படிச் செய்வது என்று அறிந்திருப்பது'. அடுத்து 'செய்துகாட்டுவது'. உச்சியில் 'அன்றாட வேலையில் செய்வது'. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களில் பலர் முதல் இரண்டு தட்டுகளிலேயே நின்றுவிடுகிறார்கள். 2016-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் குரூஸ், சில்வியா குரூஸ், இவோன் ஸ்டைனர்ட் மூவரும் அந்த உச்சிக்கும் மேலே இன்னொரு தட்டைச் சேர்த்தார்கள். அது 'மருத்துவராகவே இருப்பது'. யாரும் பார்க்காதபோதும் ஒரு மருத்துவரைப் போல யோசிப்பது, நடந்துகொள்வது.

நம் நாட்டில் 2019-ல் சேர்ந்த மாணவர்கள் முதல் திறன் சார்ந்த பாடத்திட்டம் நடைமுறையில் இருக்கிறது. படித்து முடிக்கும் இந்திய மருத்துவப் பட்டதாரி ஐந்து பொறுப்புகளைத் தாங்க வேண்டும் என்று அது சொல்கிறது: நோயைக் கண்டு குணப்படுத்துபவர், மருத்துவக் குழுவை நடத்துபவரும் அதில் ஒருவராக இருப்பவரும், நோயாளியிடமும் குடும்பத்திடமும் சரியாகப் பேசத் தெரிந்தவர், ஆயுள் முழுக்கப் படிப்பவர், தொழில் அறம் உள்ளவர். இதற்காகவே எல்லா ஆண்டுகளிலும் ஏட்காம் வகுப்புகள் வைக்கிறார்கள். மனப்பான்மை, அறநெறி, பேச்சுத்தொடர்பு மூன்றையும் சேர்த்துச் சொல்லித்தரும் வகுப்பு அது. வருகைப் பதிவுக்காக மட்டும் போய் உட்காராதீர்கள். அங்கே பேசப்படும் சிக்கல்கள் நான்கு வருடம் கழித்து, அதிகாலை மூன்று மணிக்கு, உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

படி 2: முதல் ஆசிரியருக்கு மரியாதை

முதலாண்டில் உங்களுக்குப் பாடம் சொல்லித்தரும் முதல் மனிதர் பேசமாட்டார். உடற்கூறு கூடத்தில் மேசைமேல் படுத்திருப்பார். பல கல்லூரிகளில் முதல் நாள் அவர் முன் நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள். அந்த உறுதிமொழி மறுநாளும் நினைவிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் துணியை ஒழுங்காகப் போர்த்துங்கள். போட்டோ எடுக்காதீர்கள், மேசையருகில் விளையாட்டுப் பேச்சு வேண்டாம். நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது என்று பிற்பாடு படிக்கப்போவதை இங்கேயே கையால் பழகிவிடலாம்.

முதலாண்டிலேயே குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் கிராமத்துக்கும் அனுப்புவார்கள். உங்களுக்கென்று சில குடும்பங்களைத் தருவார்கள். ரத்த அழுத்தம் எழுதிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அந்த வீட்டில் மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது, இன்சுலின் எங்கே வைக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்கு வர எத்தனை பஸ் மாற வேண்டும் என்று பாருங்கள். 'மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்' என்று கேஸ் ஷீட்டில் எழுதும் முன் யோசிக்க, அந்த வீடு உங்களுக்குச் சொல்லித்தரும்.

படி 3: நோயாளியின் தமிழைக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நோய் கண்டறிவதில் பெரும்பகுதி ஹிஸ்டரியில், அதாவது நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நோயின் கதையில்தான் இருக்கிறது. பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, நோயாளி தமிழில் பேசுகிறார். நடுவில் நிற்பவர் நீங்கள்.

'மயக்கம்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டிக் கீழே விழுந்தாலும் மயக்கம், வாந்தி வருகிற மாதிரி இருந்தாலும் மயக்கம்தான். மூன்றுக்கும் மூன்று வேறு வழியில் யோசிக்க வேண்டும். அதனால் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். "கண்ணு இருட்டிக்கிட்டு விழுந்துட்டீங்களா, இல்ல சுத்தி இருக்கிறதெல்லாம் சுத்துற மாதிரி இருந்துச்சா? விழுந்தது ஞாபகம் இருக்கா? பக்கத்துல யாராவது பாத்தாங்களா?" என்று பிரித்துக் கேளுங்கள்.

மூச்சுத்திணறலுக்குப் புத்தகத்தில் 'எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்' என்று ஒரு கேள்வி இருக்கும். பாயில் கையைத் தலைக்கு வைத்துப் படுக்கிறவரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. "ராத்திரி நீட்டிப் படுக்க முடியுதா, இல்ல சுவத்துல சாஞ்சு உக்காந்துகிட்டே தூங்குறீங்களா?" என்று கேட்டால் உடனே வரும். "எவ்ளோ நாளா?" என்றால் "ரொம்ப நாளா" என்பார்கள். "பொங்கலுக்கு நல்லா இருந்தீங்களா? ஆடியில?" என்று கேளுங்கள், மாதக்கணக்கு கிடைத்துவிடும்.

குடியைப் பற்றிக் கேட்கும்போது குரலில் தீர்ப்பு இருக்கக் கூடாது. "குடிப்பீங்களா?" என்றால் "விசேஷத்துக்கு மட்டும்" என்று வரும். "ஒரு தடவைக்குக் குவார்ட்டரா, ஆஃபா? வாரத்துல எத்தனை நாள்?" என்று சாதாரணமாகக் கேட்டால் உண்மையைச் சொல்வார். குவார்ட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீத மது என்றால் அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கும். இந்தக் கணக்கு தெரிந்திருந்தால்தான் கேஸ் ஷீட்டில் பொருள் உள்ள ஒரு எண்ணை எழுத முடியும். நாட்டு மருந்தும் அப்படித்தான். முகம் சுளித்தால் மறைப்பார்கள், கல்லீரல் பரிசோதனை முடிவைப் பார்த்துக் குழம்பப்போவது நீங்கள்தான்.

பெண்களிடம் மாதவிடாய் பற்றிக் கேட்க வேண்டும் என்றால் சுற்றி நிற்கும் கூட்டத்தை முதலில் அனுப்புங்கள். "கடைசியா எப்ப குளிச்சீங்க?" என்று கேட்டால் ஊர்ப்பக்கத்துப் பெண்களுக்குச் சட்டென்று புரியும். பெண் நோயாளியை ஆண் மாணவர் பரிசோதிக்கும்போது ஒரு சிஸ்டரோ அவர் வீட்டுப் பெண் ஒருவரோ கூட இருக்க வேண்டும். என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் சொல்லி, சம்மதம் கேட்டு, திரையை இழுத்துவிட்டுத் தொடுங்கள்.

ஒருநாள் ஓபியில் நடந்ததைச் சொல்கிறேன். அறுபது வயது தாண்டிய ஒருவர் வந்தார். "வாயு புடிச்சுக்கிச்சு, நெஞ்சுக்குழில அடைக்குது" என்றார். ஹிஸ்டரி எடுத்த மாணவர் மேல்வயிற்று வலி, இரைப்பை அழற்சி என்று எழுதினார், மாத்திரையும் யோசித்துவிட்டார். பக்கத்தில் நின்ற இறுதியாண்டு மாணவி மெதுவாகக் கேட்டாள்: "தாத்தா, வேர்த்துச்சா?" அவர் சொன்னார்: "சட்டையே நனைஞ்சு போச்சும்மா." இசிஜி எடுத்தோம். இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. உடனே உள்ளே அனுப்பினோம்.

எப்படிக் கேட்கத் தோன்றியது என்று பிறகு அவளிடம் கேட்டேன். "எங்க ஊர்ல வாயுன்னு சொல்லிட்டு ரெண்டு பேரு செத்துப்போனாங்க சார்" என்றாள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குப் பின் அவளைப் போன்ற பிள்ளைகள் நிறையப் பேர் மருத்துவக் கல்லூரிக்கு வருகிறார்கள். முதலாண்டில் ஆங்கில வகுப்பில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்கள், 'நான் இங்கே இருக்க வேண்டியவன்தானா' என்ற கேள்வி உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும். நோயாளி பேசும் தமிழ் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கூச்சப்பட்டு வெளியே விட்டுவிட்டு வார்டுக்குள் வராதீர்கள். நகரத்தில் ஆங்கில வழியில் படித்த மாணவர்கள் இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாலு ஹிஸ்டரி எடுங்கள். இரு தரப்புக்கும் நல்லது.

படி 4: கையைப் பழக்குங்கள், ஒரு ஐவி லைனில் தொடங்கி

எல்லாச் செய்முறைகளையும் சொல்ல இடம் போதாது. ஐவி லைனை, அதாவது ரத்த நரம்பில் மருந்தேற்றும் குழாய் போடுவதை மட்டும் முழுதாகப் பார்ப்போம், மற்றவற்றுக்கும் அதே முறைதான்.

முதலில் திறன் பயிற்சிக் கூடத்தில் இருக்கும் ரப்பர் கையில் செய்யுங்கள். ஒருமுறை சரியாக வந்ததும் நிறுத்தாதீர்கள், தொடர்ந்து பல முறை பிசகாமல் வரும்வரை செய்யுங்கள். அப்புறம் வார்டில் ஒருவர் செய்வதை நின்று பாருங்கள். பார்க்கும்போது அடுத்த அசைவு என்ன என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பாருங்கள். அதற்கும் பிறகுதான், பிஜியோ (முதுகலை மாணவர்) ஹவுஸ் சர்ஜனோ பக்கத்தில் நிற்க, நோயாளியின் கை.

நோயாளியிடம் போகும் முன்பே டிரேயில் எல்லாம் இருக்க வேண்டும்: கையுறை, டூர்னிகே (கையில் இறுக்கிக் கட்டும் பட்டை), ஸ்பிரிட் பஞ்சு, வென்ஃப்ளான் (ஊசியோடு வரும் பிளாஸ்டிக் குழாய்), பிளாஸ்டர், சலைன் நிரப்பிய சிரிஞ்ச், ஊசி போடும் டப்பா. ஊசியைக் குத்திவிட்டு ஒரு கையால் பிளாஸ்டரைத் தேடினால் நோயாளிக்கு உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கை அங்கேயே போய்விடும். பெரியவர்களுக்கு வழக்கமான மருந்துகளுக்குப் பிங்க், அதாவது 20 கேஜ் போதும். வேகமாகத் திரவம் ஏற்ற வேண்டிய நிலை என்றால் பச்சை, 18 கேஜ். நரம்பு மெலிந்த வயதானவர்களுக்கு நீலம், 22 கேஜ்.

பெயரைக் கேளுங்கள். நீங்கள் படித்துக்காட்டி அவர் தலையாட்டினால் போதாது, "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டு அவர் வாயால் சொல்ல வேண்டும். உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து குத்தினால் கை நடுங்கும். கையைச் சுத்தம் செய்யுங்கள், ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்புத் தண்ணீர் என்றால் 40 முதல் 60 விநாடி. டூர்னிகே கட்டி, நரம்பைக் கண்ணால் தேடுவதைவிட விரலால் தேடுங்கள். அமுக்கினால் மெத்தென்று எழும்ப வேண்டும். ஸ்பிரிட் போட்ட இடம் தானாகக் காயட்டும், ஊதாதீர்கள், மறுபடி தொடாதீர்கள்.

"சுருக்குன்னு இருக்கும்மா, இப்ப குத்தப்போறேன்" என்று சொல்லிவிட்டு, தோலை இடது கட்டைவிரலால் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து, 15 முதல் 30 டிகிரி சாய்வில் உள்ளே போங்கள். பின்னால் ரத்தம் தெரிந்ததும் பெரும்பாலான மாணவர்கள் அந்த மகிழ்ச்சியில் ஊசியை அப்படியே தள்ளுவார்கள், நரம்பின் பின்சுவர் கிழிந்து வீங்கிவிடும். ரத்தம் தெரிந்ததும் நிறுத்துங்கள். சாய்வைக் குறையுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் முன்னே போங்கள். பிறகு ஊசி நகராமல் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் குழாயை மட்டும் முன்னால் வழுக்கிவிடுங்கள். டூர்னிகேயை அவிழுங்கள். அவிழ்க்க மறந்து ரத்தம் கட்டிலில் ஓடுவது எல்லோருக்கும் ஒருமுறையாவது நடக்கும். குழாயின் நுனி இருக்கும் இடத்தைத் தோலின்மேல் அமுக்கிக்கொண்டு ஊசியை உருவி, மூடி மாட்டாமல் நேராகக் குத்துப்படாத வெள்ளை டப்பாவில் போடுங்கள். சலைன் செலுத்தி வீங்குகிறதா என்று பாருங்கள். பிளாஸ்டரில் தேதி, நேரம் எழுதுங்கள். டிரேயை நீங்களே எடுத்துப்போங்கள்.

இரண்டு முறை முயன்றும் கிடைக்கவில்லையா? நிறுத்திவிட்டு இன்னொருவரைக் கூப்பிடுங்கள். "மன்னிச்சிருங்கம்மா, ரெண்டு தடவ வலிக்க வச்சுட்டேன், இன்னொருத்தர வரச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். எத்தனையாவது குத்தில் நிறுத்துகிறார் என்பதை வைத்தே ஒரு மாணவர் எப்படிப்பட்ட மருத்துவராவார் என்று எனக்கு ஓரளவு தெரிந்துவிடும்.

ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போடும் குழாய்), கதீட்டர் (சிறுநீர்க் குழாய்), தையல், பிரசவம் எல்லாவற்றுக்கும் இதே ஒழுங்குதான். இதயம் நின்றவருக்கு நெஞ்சழுத்தம் கொடுப்பதை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொம்மையில் திரும்பச் செய்யுங்கள். ஐந்திலிருந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. செய்யாமல் விட்டால் இந்தக் கைப்பழக்கம் சீக்கிரம் போய்விடும்.

படி 5: யாராவது பார்க்கட்டும்

கேஸ் பிரசன்ட் பண்ணுவதை ஆசிரியர்கள் நிறையக் கேட்கிறார்கள். நோயாளியிடம் நீங்கள் பேசுவதையும் தொடுவதையும் நேரில் பார்ப்பது அரிது. அதனால் நீங்களே போய்க் கேளுங்கள்: "சார், பத்து நிமிஷம் நான் வயிறு பரிசோதிக்கிறத பார்க்க முடியுமா?" பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். "நான் மாத்திக்க வேண்டிய ஒண்ணு சொல்லுங்க சார்" என்று கேளுங்கள். லாக் புக்கில் கையெழுத்து வாங்குவதைவிட அந்த ஒரு வரி பெறுமதியானது.

ஓஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வுக்கு நண்பர்களோடு பழகும்போது ஒருவர் நோயாளியாக நடியுங்கள். 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் அந்தத் தேர்வு முறையை விவரித்தபோது, எல்லா மாணவர்களையும் ஒரே அளவுகோலால் அளப்பதுதான் நோக்கம். ஆனால் நோயாளியாகப் படுத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: குளிர்ந்த கை வயிற்றில் படும்போது எப்படி இருக்கிறது, பெயர்கூடச் சொல்லாமல் ஒருவர் சட்டையைத் தூக்கும்போது எப்படி இருக்கிறது என்று.

படி 6: ஒரு சின்ன நோட்டு

கோட்டுப் பையில் அடங்குகிற நோட்டு ஒன்று வாங்குங்கள். வாரத்துக்கு ஒருநாள், பதினைந்து நிமிடம், ஒரே ஒரு சம்பவம். என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, ஏன் அப்படிச் செய்தேன், அடுத்த முறை என்ன செய்வேன். இவ்வளவு போதும். நோயாளியின் பெயர், ஐபி எண், அடையாளம் எதையும் எழுதாதீர்கள். போனில் போட்டோவாகவும் வேண்டாம்.

ஏட்காம் வகுப்புக்காக எழுதும் கட்டுரைகளில் 'இதிலிருந்து பொறுமையைக் கற்றேன்' என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். மதிப்பெண்ணுக்கு அது போதலாம். இந்த நோட்டு உங்களுக்கானது, அதில் உண்மையை எழுதுங்கள். 'அந்த அம்மா அழுதபோது எரிச்சல் வந்தது, சாப்பிடாமல் இருந்தேன்' என்று எழுதுகிறவர்தான் அடுத்த முறை சாப்பிட்டுவிட்டு வார்டுக்குப் போவார்.

படி 7: வார்டில் யாரும் எழுதிவைக்காத பாடம்

வகுப்பில் ஒன்று சொல்கிறார்கள், வார்டில் வேறொன்று நடக்கிறது. கை கழுவச் சொன்னவர் கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போவார். மரியாதையாகப் பேசச் சொன்னவர் நோயாளியை ஒருமையில் அதட்டுவார். மருத்துவக் கல்வியில் இதை மறைமுகப் பாடத்திட்டம் என்பார்கள். தப்பைப் பார்த்துப் பழகிக்கொள்வதும் கற்றல்தான், கேட்காமலேயே உள்ளே இறங்கிவிடும்.

இதற்கு நான் கண்ட வழி, ஒருவரை முழுதாகப் பின்பற்றாமல் ஒவ்வொருவரிடமும் ஒன்றை எடுத்துக்கொள்வது. ஒரு பேராசிரியரிடம் இதய ஒலி கேட்கும் பொறுமை. ஒரு பிஜியிடம் ரவுண்ட்ஸ் முடிந்தும் திரும்பிப் போய் நோயாளியிடம் சொல்லிவிட்டு வரும் பழக்கம். வார்டு சிஸ்டரிடம், நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் "இவருக்கு ஏதோ சரியில்ல" என்று கண்டுபிடிக்கும் கண். ஆயாம்மாவிடம்கூட, வலிக்காமல் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் நுணுக்கம் இருக்கிறது. கேட்டால் சொல்லித்தருவார்கள். அவர்கள் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் மருத்துவராக வேண்டும் என்று நினைத்து வளரவில்லை. திண்டிவனத்தில் பெற்றோரோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியாக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டார்கள். ஆண் மருத்துவரை உள்ளே விட அவர்களுக்கு வழக்கம் இடம் தரவில்லை. ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன்பிறகுதான் அவர் அமெரிக்கா போய்ப் படித்து, 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கினார். உங்களுக்கு அப்படி ஒரு பெரிய இரவு வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அது துளித்துளியாகத்தான் சேர்கிறது. ஆனால் எந்த நோயாளி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறார் என்று கவனித்துவையுங்கள், உங்கள் துறை எது என்பதும் அதில் தெரியலாம்.

படி 8: தப்பு நடந்தால்

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, ஒரு காலையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருவருக்கும் குரூப்பிங் பார்க்க ரத்தம் எடுத்தேன். இரண்டு குழாயையும் கையில் எடுத்துவந்து மேசையில் வைத்துப் பெயர் எழுதினேன். மாற்றி எழுதிவிட்டேன். ஒருவருக்கு ஏற்கெனவே ரத்த வகை பதிவாகியிருந்ததால் ரத்த வங்கியில் பிடித்துவிட்டார்கள். இல்லையென்றால் தவறான ரத்தம் ஏறியிருக்கும்.

போன் வந்தபோது என் கை சில்லிட்டுப்போனது. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு சீஃபிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "எந்த இடத்துல எழுதின?" என்று கேட்டார். "மேசைல, சார்." "இனிமே?" "கட்டில் பக்கத்துலயே நின்னு, பேரு கேட்டுட்டு எழுதுவேன் சார்." "போய் ரெண்டு பேருக்கும் மறுபடி எடு. ஏன் மறுபடின்னு அவங்ககிட்டயும் சொல்லு." சொன்னேன். அந்தப் பெரியவர், "பரவால்ல தம்பி, வந்து சொன்னியே" என்றார். அன்றிலிருந்து ஒரு குழாயைக்கூடக் கட்டிலருகில் பெயர் எழுதாமல் நான் எடுத்துவந்ததில்லை.

அதனால் வரிசை இதுதான்: முதலில் நோயாளி பத்திரமா என்று பாருங்கள். உடனே மேலே உள்ளவரிடம் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், பழைய வரியை அழித்துத் திருத்தாதீர்கள். அப்புறம், அந்தத் தப்பு மறுபடி நடக்க முடியாதபடி வேலைசெய்யும் முறையில் எதை மாற்றலாம் என்று யோசியுங்கள். 'இனி கவனமா இருப்பேன்' என்பது மாற்றம் ஆகாது. எழுதும் இடத்தை மாற்றியதுதான் எனக்கு மாற்றம்.

படி 9: கெட்ட செய்தி சொல்லும் இடத்தில்

மாணவராக இருக்கும்வரை இதை நீங்கள் தனியாகச் செய்யக் கூடாது. ஆனால் மூத்தவர் சொல்லப்போகும்போது "நானும் வரலாமா?" என்று கேட்டுக் கூடப் போங்கள். அவர் உட்கார்ந்தாரா, போனை அணைத்தாரா, "உங்களுக்கு இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க?" என்று முதலில் கேட்டாரா, சொன்னபிறகு எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார் என்று பாருங்கள்.

நம் வார்டுகளில் இறப்பைச் சொல்ல வாய் வராது. "சீரியஸ்", "நம்ம கையில இல்ல", "ஒண்ணும் சொல்ல முடியாது" என்று சுற்றிச் சுற்றிச் சொல்வோம். கேட்கிற மகனுக்கு அப்பா இருக்கிறாரா இல்லையா என்றே புரியாது, இன்னும் மருந்து வாங்கி வரட்டுமா என்று நிற்பார். மென்மையான குரலில், ஆனால் தெளிவாக, "உங்க அப்பா இறந்துட்டாங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு நகராமல் நிற்க வேண்டும். பேச ஒன்றும் இல்லை என்றால் பேச வேண்டாம், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுங்கள்.

படி 10: ஹவுஸ் சர்ஜன் ஆண்டு

நாலரை ஆண்டு படிப்புக்குப் பின் வரும் இந்த ஓராண்டு சுழற்சிப் பயிற்சியில்தான் இதுவரை சொன்னதெல்லாம் ஒன்றுசேரும். பாதிப் பேர் இதை முதுகலை நுழைவுத்தேர்வுக்குப் படிக்கும் ஆண்டாக நினைத்து டியூட்டியை மாற்றிவிடப் பார்க்கிறார்கள். அந்த அழுத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மேலே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் செய்து கற்கும் வாய்ப்பு இந்த அளவுக்கு மறுபடி கிடைக்காது.

இரவில் மூத்தவரை எழுப்பத் தயங்காதீர்கள், ஆனால் எழுப்பும்போது ஒழுங்காகச் சொல்லுங்கள். நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்களுக்கு என்ன வேண்டும் என்ற வரிசையில். "மேடம், ஃபீமேல் மெடிக்கல் 14-வது பெட். பிபி 80/50, பல்ஸ் 124, அரை மணி நேரத்துல கொறஞ்சிருக்கு. சுகர் பேஷன்ட், யூரின் இன்ஃபெக்ஷனுக்கு நேத்து அட்மிட் ஆனவங்க. செப்சிஸ்னு நெனைக்கிறேன். ஃப்ளூயிட் ஆரம்பிச்சுட்டேன், நீங்க வந்து பாக்கணும்." இருபது விநாடிதான். "மேடம், 14-வது பெட் பேஷன்ட் ஒரு மாதிரி இருக்காங்க" என்று சொன்னால் யாரும் ஓடிவரமாட்டார்கள்.

ஊசி உங்கள் விரலில் குத்திவிட்டால் அமுக்கிப் பிழியாதீர்கள், வாயில் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே தெரிவியுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. வெட்கப்பட்டு மறைத்துக் காலத்தைக் கடத்தியவர்களை எனக்குத் தெரியும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முதலாண்டிலேயே போட்டு முடித்துவிடுங்கள்.

தூக்கம் போய், சாப்பாடு போய், எதிலும் பிடிப்பில்லாமல், 'நான் எதுக்கு இதுக்கு வந்தேன்' என்று நாள்கணக்கில் தோன்றினால் அதைச் சோம்பல் என்று நினைத்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். நோயாளிக்கு இதே அறிகுறிகள் இருந்தால் என்ன செய்வீர்களோ அதை உங்களுக்கும் செய்யுங்கள். நண்பரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். ரூம்மேட் பேசாமல் ஒதுங்கத் தொடங்கினால் நீங்களே போய்க் கதவைத் தட்டுங்கள்.

படி 11: ஜூனியருக்குச் சொல்லிக்கொடுங்கள்

டியூட்டியில் பழகியதும் ஒரு மூன்றாமாண்டு மாணவர் உங்கள் பின்னால் நோட்டோடு நிற்பார். அவர் கேட்காவிட்டாலும் கூப்பிடுங்கள். டிரேயை எப்படி அடுக்குவது, ரத்தம் எடுத்த டியூபில் எந்த இடத்தில் நின்று பெயர் எழுதுவது, பதினான்காவது கட்டில் அம்மாவிடம் ஏன் உட்கார்ந்து பேச வேண்டும் என்று காட்டுங்கள். அவர் முதல் லைன் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். ரத்தம் தெரிந்ததும் அவசரப்பட்டுத் தள்ளப்பார்ப்பார். "நிறுத்து. சாய்வக் கொற. இப்ப மெதுவா" என்று மட்டும் சொல்லுங்கள், கையைப் பிடுங்காதீர்கள்.